கொசுவத்தைத் தூக்கிப் பிடித்த வெள்ளிப் பெண்

சிவகாமசுந்தரி அக்கா ஒரு புடவையை விரித்துக் காட்டிவிட்டால், அதை வாங்காமல் கடையை விட்டு இறங்குவது லேசில் நடக்காது. என் கல்யாணத்துக்கு மயில்கழுத்து நிறத்தில்தான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனேன். அரக்குச் சிவப்போடு திரும்பி வந்தேன். இன்றைக்கும் என் கல்யாணப் படத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் சொல்வது அந்த நிறத்தைத்தான்.

புக்கிட் மேராவில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல்வீடு அவருடையது. வேலை சிராங்கூன் சாலையில், அழகப்பன் என்பவருடைய ஜவுளிக்கடையில். "பாருங்கம்மா" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். பாருங்கம்மா, பார்டர் வெளிச்சத்தில் எப்படி நிற்கிறது. பாருங்கம்மா, இந்தத் தலைப்பைத் தோளில் போட்டால் நீங்களே ஒரு சாண் உயர்ந்து தெரிவீர்கள். பேச்சு அவருக்குப் பிழைப்பு மட்டுமில்லை. லிப்டில் ஏறினால் பத்தாவது மாடி வருவதற்குள், கூட ஏறியவரின் குடும்பக் கதை முழுவதும் அவருக்குத் தெரிந்துவிடும். கணவர் அண்ணாதுரை அதற்கு நேர்மாறு. பேருந்து ஓட்டுநர். நாள் முழுவதும் சாலையைப் பார்த்தே பழகிய மனிதர். "எங்க வீட்ல பேசுறது அவ, கேக்குறது நான். கணக்கு சரியாப் போயிடும்," என்பார்.

அக்காவுக்கு ரோமானிய வெள்ளிக்காசுகள் மேல் ஆசை வந்தது ஒரு தற்செயல். எல்லை தாண்டி ஜொகூருக்குப் போக ரிங்கிட் மாற்றலாம் என்று, கடைக்குப் பக்கத்தில் இருந்த பணமாற்றுக்காரர் முகமது இஸ்மாயிலிடம் ஒரு நாள் போனார். அவருடைய கண்ணாடிப் பெட்டிக்குள், வெளிநாட்டு நோட்டுகளுக்கு ஓரமாக, சில பழைய காசுகள் கிடந்தன. அதில் ஒன்றின் மேல் அக்காவின் கண் நின்றுவிட்டது. நம்முடைய பத்துக் காசு அளவுதான் இருக்கும். கறுத்துப்போன வெள்ளி. அதில் ஒரு பெண் நடந்துபோகிறாள். வலது கையில் ஒரு பூ. இடது கையால் தன் உடுப்பின் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பிடித்திருக்கிறாள்.

"பாய், இது யாரு? நம்ம ஊரு அம்மனா?"

"இல்லம்மா, ரோமாபுரிக் காசு. ஆயிரத்து எண்ணூறு வருஷம் இருக்கும்."

"ரோமாபுரியா? நம்ம மழையில தண்ணி கெடக்குற எடத்துல புடவையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நடப்போமே, அதே மாதிரில்ல நடக்குறா!"

இஸ்மாயில் சிரித்துவிட்டார். நாகூர்ப் பூர்வீகம் அவருக்கு. பணம் மாற்றுவது தொழில், பழைய காசு பைத்தியம். பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். "அவ பேரு ஸ்பெஸ். நம்பிக்கைன்னு அர்த்தம். அந்தக் காலத்துல அவங்க நம்பிக்கைய இப்படித்தான் காட்டுவாங்க. கையில மொட்டு, இன்னொரு கையில உடுப்போட ஓரம். மறுபக்கம் பாருங்க, இந்தப் பையன்தான் ராஜா. செவெரஸ் அலெக்சாண்டர். மீசை முளைக்கிறதுக்கு முன்னாலேயே பட்டத்துக்கு வந்தவன்."

அக்கா ராஜாவின் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, உடனே பெண்ணின் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று ரிங்கிட் மாற்ற மறந்தே போனார். அந்தக் காசோடு வீட்டுக்கு வந்தார்.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒன்றிரண்டு என்று சேர்ந்தன. எல்லாம் தேய்ந்த காசுகள், பெரிய சேகரிப்பாளர்கள் தள்ளிவிடுபவை. அக்காவுக்கு வேண்டியதெல்லாம் பின்பக்கத்தில் உடுப்பு அழகாக விழுந்த ஒரு பெண். பாம்புக்கு உணவு ஊட்டும் ஒருத்தி. அவள் ஆரோக்கியத்தின் தேவதை. தராசு பிடித்த ஒருத்தி, நேர்மை. முக்காட்டை முகத்துக்கு முன்னால் இழுத்துவிடும் ஒருத்தி; அடக்கம். அந்தப் பையன்ராஜாவின் தாய் ஜூலியா மமாயா வெளியிட்ட காசில் காலடியில் மயிலோடு நிற்கும் ஜூனோ. ரோமானியர்கள் அந்தக் காலத்தில் மிளகு வாங்க நம்மிடம் வந்தார்களே, அதற்காகவா சேர்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "மிளகு வேற கதைம்மா. நான் இவளுங்க உடுத்துற அழகைப் பாக்குறேன்," என்பார். ஒரு சின்ன ஆல்பத்தில், பிளாஸ்டிக் பைகளுக்குள் அவற்றை வைத்திருந்தார். என்னிடம் காட்டும்போதும் புடவை காட்டுவது போலத்தான் காட்டுவார். சுமாரானது முதலில். கண்ணைப் பறிப்பது கடைசியில்.

பக்கவாதம் வந்தது தீபாவளிக் கூட்டத்தின் நடுவில். ஒரு பட்டுப்புடவையை விரித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து அது நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. கூட வேலை செய்த பெண்கள் உடனே ஆம்புலன்ஸை அழைத்தார்கள். உயிர் பிழைத்தார். சில வாரங்களில் கைத்தடியோடு நடக்கவும் ஆரம்பித்துவிட்டார். வலது கை மட்டும் கனமாகத் தொங்கியது.

பேச்சு போயிருந்தது. முழுவதும் போயிருந்தால்கூட மனம் ஒரு வழியாகத் தேறியிருக்கும். ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது: "பாருங்கம்மா."

தண்ணீர் வேண்டுமென்றாலும் பாருங்கம்மா. வலித்தாலும் பாருங்கம்மா. கணவரைக் கூப்பிடவும் அதே சொல்தான். அண்ணாதுரை தன்னை அம்மா என்று கூப்பிடும் அந்தச் சொல்லுக்கும் "இதோ வந்துட்டேன்" என்று பதில் சொல்லிக்கொண்டு ஓடுவார். முதல் தடவை நான் பார்க்கப் போனபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏற்ற இறக்கத்தோடு, ஒரு முழுக் கதையையே சொல்வது போல "பாருங்கம்மா, பாருங்கம்மா" என்றார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. நான் தலையாட்டினேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. கையை விட்டுவிட்டார்.

பொங்கோலில் இருந்து மகன் குமரன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். அம்மாவுக்குக் காது கேட்காததுபோல, ஒவ்வொரு சொல்லாக, சத்தமாகப் பேசுவான். "அம்மா. சாப்… பிட்… டீங்… களா?" அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அண்ணாதுரையோ இன்னொரு விதம். அவர் மனைவிக்காகப் பேச ஆரம்பித்துவிட்டார். வாழ்நாளில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. யார் எதைக் கேட்டாலும், அக்கா வாயைத் திறப்பதற்குள், "அவளுக்கு வேண்டாம்", "அவளுக்கு இப்ப பரவால்ல" என்று முந்திக்கொள்வார். எல்லாம் பாசத்தில்தான்.

மருத்துவமனையில் பேச்சு சிகிச்சைக்கு ரபியா என்ற பெண் வந்தாள். கடையநல்லூர்க் குடும்பம், தாத்தா காலத்திலேயே தஞ்சோங் பகாரில் குடியேறியவர்கள். தமிழில் பயிற்சி கொடுக்கக்கூடியவள் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். முதல் நாளே அண்ணாதுரையிடம் விளக்கிச் சொன்னாள்: "ஆன்ட்டிக்கு எல்லாம் புரியுது, அங்கிள். மைண்ட் எல்லாம் அப்படியே இருக்கு. சொல்ல நெனைக்கிற வார்த்தைதான் வெளிய வர மாட்டேங்குது. டைம் எடுக்கும் லா. ஆனா வரும்."

படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள். கப். ஆப்பிள். நாய். அக்கா ஒரு வாரம் பொறுத்துக்கொண்டார். இரண்டாவது வாரம் அட்டைகளை இடது கையால் மேசையோரம் தள்ளிவிட்டார். சின்னப் பிள்ளைக்குக் காட்டும் படங்களைத் தனக்குக் காட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை. சிகிச்சைக்குக் கிளம்பவே முரண்டு பிடித்தார்.

அப்படி முரண்டு பிடித்த ஒரு காலையில், அலமாரியைக் காட்டி "பாருங்கம்மா, பாருங்கம்மா" என்று விடாமல் சொன்னார். அண்ணாதுரை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். சால்வை இல்லை. மாத்திரை இல்லை. கடைசியில் காசு ஆல்பத்தை எடுத்ததும் அக்கா அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். அதோடுதான் வருவேன் என்று அடம். சரி, கிளம்பினால் போதும் என்று கூட்டிக்கொண்டு போனார்.

அன்று நடந்ததை அண்ணாதுரை எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் எழுந்து நின்று நடித்துக் காட்டுவார்.

ரபியா அட்டைகளை ஓரமாக வைத்துவிட்டு ஆல்பத்தைத் திறந்தாள். "வாவ், ஆன்ட்டி! இதெல்லாம் உங்களோடதா? இது யாரு?"

அந்த முதல் காசு. பூவோடு நடக்கும் பெண். அக்கா அதையே உற்றுப் பார்த்தார். உதடு குவிந்தது. "கொ…" என்றார். "கொ… கொசு…"

"கொசுவா?" ரபியா சட்டென்று மேலே பார்த்தாள். அண்ணாதுரைக்கு டெங்கி பயம் உண்டு. உடனே எழுந்து, இல்லாத கொசுவைத் தேடி இரண்டு கையாலும் தட்ட ஆரம்பித்தார். ரபியாவும் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாருங்கம்மா!" என்று அதட்டினார். எழுந்து நின்றார். இடது கையால் தன் நீண்ட கவுனின் முன்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்தார், தரையிலிருந்து லேசாகத் தூக்கினார், காசைப் பார்த்தார், மறுபடி தன் கையைப் பார்த்தார்.

"கொசுவம்," என்றார்.

ரபியா மெல்லக் கேட்டாள். "கொசுவம்னா என்ன ஆன்ட்டி?"

அக்கா துணியை விரல்களால் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துக் காட்டினார்.

"ஓ, ப்ளீட்ஸா! எங்கம்மா மடிப்புன்னுதான் சொல்லுவாங்க."

"கொசுவம்," என்று அக்கா திரும்பச் சொன்னார். பிறகு இன்னும் ஒருமுறை. அந்தச் சொல் வாயிலேயே இருக்கிறதா, ஓடிவிட்டதா என்று பார்ப்பவர் போல. அண்ணாதுரை கொசு அடிக்கத் தூக்கிய கைகளைக் கீழே இறக்காமலேயே அழுதுகொண்டிருந்தார்.

ரபியா கெட்டிக்காரி. அடுத்த தடவையிலிருந்து அட்டைகளை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு காசுக்கும் கேட்ட கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்டாள். யாரு? கையில என்ன இருக்கு? என்ன செய்றா? அந்தக் காசுகள் அதற்கென்றே அடிக்கப்பட்டவை போல இருந்தன. ஒவ்வொரு பெண் கையிலும் ஏதோ ஒன்று இருந்தது. ஒவ்வொருத்தியும் ஏதோ ஒன்று செய்துகொண்டிருந்தாள்.

வார்த்தைகள் ஒழுங்காக வரவில்லை. தராசைப் பார்த்து "மார்க்கெட்" என்றார். மயிலைப் பார்த்துக் "கோழி" என்றார். தப்பு என்று உடனே தெரிந்து நெற்றியில் அடித்துக்கொண்டார். "பக்கத்துல வந்துட்டீங்க ஆன்ட்டி, ரெண்டுக்கும் ரெக்கை இருக்குல்ல," என்றாள் ரபியா. அடுத்த வாரம் மயில் வந்தது. அதற்கடுத்த வாரம் மறுபடி கோழியாகிவிட்டது. ஆனால் பூ வந்தது. "நடக்கிறா" வந்தது. பிறகு இரண்டும் சேர்ந்தன.

ஒரு மாலை மேல்வீட்டில் சத்தம் கேட்டு நான் ஏறிப்போனேன். கணவன் மனைவி இருவரும் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஆல்பம்.

"பாம்புக்கு… சோறு… போடுறா," என்றார் அக்கா.

"பாம்புக்கு யாராச்சும் சோறு போடுவாங்களா? பால்னு சொல்லு."

"சோறு!"

"பால்!"

"நீங்க… போங்க!"

அண்ணாதுரை என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. "என்னைப் போங்கன்னு சொல்லிட்டாம்மா. கேட்டியா? போங்கன்னு சொல்லிட்டா." சண்டையில் தோற்ற மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

படிப்புதான் திரும்பவில்லை. தமிழ் முரசு நாளிதழைக் கையில் எடுத்துப் புரட்டுவார். எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போலத் தெரிகிறது என்று சைகையில் காட்டினார். ஒரு நாள் அண்ணாதுரையும் நானும் அவரைச் சிராங்கூன் சாலைப் பக்கம் தேக்காவுக்கு அழைத்துப் போனபோது, இஸ்மாயிலின் கடையில் நின்றோம். அவர் புதிதாக வந்த ஒரு காசை எடுத்துக் கொடுத்தார். முன்பெல்லாம் அக்கா அதன் ஓரத்தில் ஓடும் லத்தீன் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசிப்பார்; இஸ்மாயில் திருத்துவார். இருவருக்கும் அது ஒரு விளையாட்டு. அன்றும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். காசைச் சுற்றினார். மறுபடி சுற்றினார். கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு, "போச்சு," என்றார்.

இஸ்மாயில் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடை வாசலில் டாலர் மாற்ற நின்றவர்களைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டார்.

"சிவகாமிம்மா, இந்தக் காசு ஓடுன காலத்துல சந்தைக்குப் போனவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு எழுத்தே தெரியாது. காய்கறி விக்கிறவங்க, கூலிக்காரங்க, சமையக்காரங்க. எழுத்து ராஜாவோட பெருமைக்கு. உருவம் அவங்களுக்கு. பாம்பைப் பாத்தா நோய் போகும்னு புரிஞ்சுக்குவாங்க. தராசைப் பாத்தா ஏமாத்த மாட்டாங்கன்னு புரிஞ்சுக்குவாங்க. படிக்காமலே படிச்சவங்க அவங்க."

அக்கா யோசித்தார். காசை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"அப்ப நானும்… சந்தை," என்றார்.

"ஆமா. நீங்களும் சந்தை ஆளுதான்," என்றார் இஸ்மாயில். நால்வரும் சிரித்தோம். எழுத்து இன்றுவரை அக்காவுக்கு முழுதாக வரவில்லை. தன் பெயரை மட்டும் இடது கையால் எழுதுகிறார். அதற்காக அவர் அப்புறம் அழுது நான் பார்க்கவில்லை.

புக்கிட் மேரா சமூக மன்றத்தில், பக்கவாதத்தால் பேச்சு இழந்தவர்கள் மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறார்கள். ரபியாதான் அக்காவை அதில் சேர்த்தாள். காசுகளையும் எடுத்து வரச் சொன்னாள். அவர் முதல் தடவை போன அன்று நானும் உதவிக்குப் போனேன். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் சீனர்கள், மலாய்க்காரர்கள், தமிழர்கள். ஒவ்வொருவருக்கும் சொந்த மொழியே பாதிதான் இருந்தது; அடுத்தவர் மொழியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். டான் என்ற முன்னாள் டாக்சி ஓட்டுநர் அந்தக் குழுவுக்கு வந்த நாளிலிருந்து வாயைத் திறந்ததே இல்லை என்று அவர் மனைவி சொன்னார்.

அக்கா மேசையில் ஒரு கறுப்புத் துணியை விரித்தார். ஒற்றைக் கையால் அதன் சுருக்கத்தை நீவிவிட்ட விதத்திலேயே எனக்குப் பழைய கடை ஞாபகம் வந்துவிட்டது. காசுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். தேய்ந்தது முதலில், தெளிவானது கடைசியில். டான் முன்னால் பூதக்கண்ணாடியை நகர்த்தி வைத்தார். பாம்புக்காரியைச் சுட்டிக் காட்டினார். "பாம்பு," என்றார். "சோறு."

டான் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். திடீரென்று தலையைப் பின்னுக்கு இழுத்து, சத்தமாக ஹொக்கியன் சீனமொழியில் ஒரு வார்த்தை சொன்னார்.

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். வட்டத்தில் இருந்த சீனர்கள் எல்லாரும் குலுங்கிச் சிரித்தார்கள். அது பெண்கள் இருக்கும் இடத்தில் சொல்லக் கூடாத வார்த்தை என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பாம்பைக் கண்டால் அவருக்கு அந்தக் காலத்திலிருந்தே ஆகாதாம். "பேசிட்டாரு! ஏதோ ஒண்ணு பேசிட்டாரு!" என்று ரபியா கை தட்டினாள். டானின் மனைவி அக்காவின் தோளைக் கட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். அக்கா பெரிய வியாபாரம் முடித்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இப்போது வாரத்தில் இரண்டு காலைகள் அவர் ஜவுளிக்கடைக்குப் போகிறார். அழகப்பன் தாமே கூப்பிட்டு அனுப்பினார். விற்பனை இளம்பெண்களின் பொறுப்பு. கல்யாணப் பெண்களுக்குக் கட்டிக் காட்டும் வேலை அக்காவுடையது. ஒரு கை போதவில்லை என்றால் அந்தப் பெண்ணையே ஒரு முனையைப் பிடிக்கச் சொல்கிறார். வார்த்தைகள் குறைவுதான். "இப்படி." "அழகு." "வேணாம், இது வேணாம்." பழைய சிவகாமசுந்தரி ஒரு நாளும் ஒரு வாடிக்கையாளரிடம் வேணாம் என்று சொன்னதில்லை. இந்தப் புதிய சிவகாமசுந்தரி வேணாம் என்றால் வேணாம்தான். அதை நம்பி மற்றதை வாங்கிப் போகிறார்கள் என்று அழகப்பன் சொல்கிறார்.

போன சனிக்கிழமை, அக்கா வேலை முடித்து இறங்கியதும், நாங்கள் மூவரும் தேக்கா சந்தைக்குப் போனோம். அண்ணாதுரை வழக்கம் போலத் தேநீர்க் கடைக்காரரைப் பார்த்து வாயைத் திறந்தார். அக்கா இடது கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"நான்… சொல்றேன்."

கடைக்காரர் காத்திருந்தார். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. அக்காவுக்கு எப்போதும் தே அலியாதான், இஞ்சி போட்ட டீ, கொதிக்கக் கொதிக்க. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். உதடு முயன்றது. "தே… தே…" நின்றது. இன்னொரு பக்கமாகப் போய்ப் பார்த்தார். கடைசியில் தெளிவாக, கணீரென்று ஒரு வார்த்தை வந்தது.

"மைலோ."

"அவ தே அலியாவத்தான்…" என்று அண்ணாதுரை ஆரம்பித்தார்.

"சும்மா இருங்க," என்றார் அக்கா. "மைலோதான்."

சின்னப் பிள்ளைகள் குடிக்கும் சாக்லேட் பானமான மைலோ வந்தது. ஒரு வாய் குடித்தார். பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு குடித்ததே இல்லை போலிருக்கிறது, புருவத்தை உயர்த்தினார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு தம்ளரைக் கணவர் பக்கம் தள்ளி, குடித்துப் பாருங்கள் என்று கண்ணைக் காட்டினார். அண்ணாதுரை குடித்தார். நல்லாத்தான் இருக்கு என்று ஒப்புக்கொண்டார். அக்கா எழுந்து, கைத்தடியை எடுத்துக்கொண்டு, இன்னொரு மைலோ சொல்வதற்காகத் தனியாகக் கடைக்காரரிடம் நடந்தார்.